பாயில் சொன்னது

எங்கள் சுருட்டுக் கொட்டிலில் சனிக்கிழமைதோறும் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. வேலை முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே சுருட்டுச் சுற்றும் பலகையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கிணற்றடியில் கைகழுவி, நடுவில் விரித்திருக்கும் பாயில் வந்து வட்டமாக உட்கார்ந்து சந்தோஷப்பட வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடிக்கத் தேநீரும் தருவார்கள், கடிக்கப் பனங்கட்டியும் தருவார்கள். அந்தப் பனங்கட்டியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கொட்டில் சுன்னாகத்திலிருந்து உடுவில் பக்கம் போகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. நீளமான கிடுகுக் கூரை, சாணி மெழுகிய நிலம், உள்ளே நுழைந்தால் மூக்கில் ஏறுகிற புகையிலைக் காரம். நான் அங்கே முன்வரிசைக்காரன். முன்வரிசை என்றால் வாசல் வெளிச்சம் விழும் இடம். பெட்டியில் அடுக்கி ரயிலில் தெற்கே போகும் முதல்தரச் சுருட்டை அங்கே இருந்துதான் சுற்றுவோம். பின்வரிசையில் புதியவர்கள் இருந்து சில்லறைச் சுருட்டுச் சுற்றுவார்கள். சுவரோரம் பெண்கள் இருந்து இலையின் நரம்பைக் கிழித்து எடுப்பார்கள். பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு நகர்ந்து வருவதற்குள் எனக்குத் தலையில் பாதி மயிர் கொட்டிவிட்டது. அந்த இடத்தை என் காணி உறுதியைவிடப் பெரிதாக நினைத்திருந்தேன். காணி ஒரு பரப்புக்கூட முழுதாக இல்லை என்பது வேறு விஷயம்.

சுருட்டுக்காரனுக்குக் கைக்குத்தான் வேலை. காது சும்மா கிடக்கும். காது சும்மா கிடந்தால் மனிதன் வீட்டுக் கவலையை நினைப்பான். கவலையோடு சுற்றுகிற சுருட்டு இறுகிப்போய்ப் புகை இழுபடாது. அதனால் எங்கள் பக்கத்துக் கொட்டில்களில் ஒருவர் இருந்து உரத்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். காலையில் பத்திரிகை, மத்தியானத்துக்குப் பிறகு கதைப்புத்தகம் அல்லது புராணம். எங்களுக்கு வாசித்தவரும் ஒரு சுருட்டுக்காரர்தான். முன்வரிசையில் எனக்கு இடப்பக்கம் இருப்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்பேன். வெண்கலக் குரல். அவர் வாசிக்கிற நேரத்தில் சுற்ற முடியாது அல்லவா, ஆகவே அவருடைய பங்கை நாங்கள் சுற்றிக் கொடுப்போம். பொழுதுபட வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி சுருட்டு அவருடைய பலகையில் போய்ச் சேரும். யாரும் எண்ணிக் கொடுத்ததில்லை, அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அவர் எங்களுடைய வாசிப்புக்காரர். பத்திரிகையில் சட்டசபைப் பேச்சு நீண்டுபோனால், "அண்ணை, உந்தப் பேச்சை விட்டுட்டுக் கொலைக்கேசை வாசியுங்கோ" என்போம். அடுத்த மூச்சில் கொலைக்கேசுக்கு வந்துவிடுவார். கதையில் அழுகைக் கட்டம் வந்தால் கொட்டிலில் கத்தரிக்கோல் சத்தம்கூடக் கேட்காது. நாங்கள் சந்தோஷமாக இருந்தோமா என்று அப்போது எங்களை யாரும் கேட்டதில்லை. எங்களுக்கும் அதை யோசித்துப் பார்க்க நேரமிருக்கவில்லை.

பழைய முதலாளி வாய் பொல்லாதவர். வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ஏசுவார். இலையை வீணாக்கினால் ஏச்சு, வெற்றிலை துப்பினால் ஏச்சு, ஒன்றும் செய்யாமலிருந்தால் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று ஏச்சு. ஆனால் தெற்கிலிருந்து ஓடர் குறைகிற மாதங்களில் ஒருவனையும் வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை. இருக்கிற இலையை எல்லாருக்கும் பங்குபோட்டுக் கொடுத்து, "ஆளுக்கு அரைவயிறு கஞ்சியைக் குடியுங்கோடா" என்று அதற்கும் ஏசுவார். அவர் இறந்தபோது முன்வரிசை பின்வரிசை என்று பாராமல் எல்லாரும் அழுதோம்.

கொட்டில் அவருடைய மருமகன் கைக்கு வந்தது. மலாயாவில் ஒரு கந்தோரில் எழுத்துவேலை பார்த்துவிட்டு வந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு, எல்லாரையும் "நீர்" என்று மரியாதையாக அழைக்கும் பழக்கம். வந்த முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்:

"எனக்கு மேலை இருந்த வெள்ளைக்காரத் துரை ஒரு விசயம் சொல்லித் தந்தவர். வேலையாள் சந்தோசமாய் இருந்தால் வேலையும் சந்தோசமாய் இருக்கும். நான் உங்களை ஏச மாட்டன். உங்களைச் சந்தோசமாய் வைச்சிருக்கிறது என்ரை பொறுப்பு."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏச்சு இல்லாமல் எப்படி வேலை செய்வது என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் சொன்னதைச் செய்தார். வாசலில் நல்ல தண்ணீர்ப் பானை வந்தது. பதினொரு மணிக்குத் தேநீர் வந்தது. தூசியை மறைக்கத் தட்டி கட்டப்பட்டது. யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல், யாருடைய மாடு கன்று போட்டது என்று பெயர்பெயராக விசாரித்தார். பிறகு காலைப் பகிடி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வேலை தொடங்குமுன் ஒருவர் ஒரு பகிடி சொல்ல வேண்டும், மற்றவர்கள் சிரிக்க வேண்டும். முதல் கிழமை பகிடிக்குச் சிரித்தோம். அடுத்த கிழமை, சிரிக்கிறவனின் முகத்தைப் பார்த்துச் சிரித்தோம். அதற்குப் பிறகு பழகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோலச் சிரித்துவிட்டு உள்ளே போவோம்.

அடுத்ததாக வாசிப்புக்கு வந்தார்.

"இது நல்ல பழக்கம். ஆனால் வாசிக்கிறவருக்காக நீங்கள் ஏன் கைநோகச் சுற்றவேணும்? இனி அவரை நான் பாக்கிறன். மாசச் சம்பளம்."

எங்களுக்குச் சந்தோஷம், அண்ணைக்கு அதைவிடச் சந்தோஷம். அன்று பொழுதுபட நாங்கள் வழக்கப்படி கைப்பிடியை எடுத்துக்கொண்டு போனபோது, "வேண்டாம், வேண்டாம்" என்று சிரித்துக்கொண்டு பலகையைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் பத்திரிகை வாசிக்கும்போது யாரோ, "அண்ணை, உந்தச் சட்டசபையை விடுங்கோ" என்றார்கள். அண்ணை வாசலில் முதலாளி இருந்த கதிரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதையே தொடர்ந்து வாசித்தார். நான் அதைக் கண்டேன். கண்டும் ஒன்றும் நினைக்கவில்லை.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சனிக்கிழமைப் பாய் வந்தது. புதுப்பாய், சாயம் போட்ட ஓலை விளிம்பு. முதலாளி தன் கதிரையை விட்டு இறங்கி எங்களோடு சப்பாணி கட்டி உட்கார்ந்தார். முதலாளி ஒருவர் பாயில் உட்கார்ந்து நாங்கள் கண்டதில்லை. எங்களில் இரண்டு பேர் எழுந்து நிற்கப் பார்த்தார்கள். கையைப் பிடித்து இருத்தினார்.

"இந்தப் பாயிலை முதலாளியும் இல்லை, கூலியும் இல்லை. மனசிலை கிடக்கிற பாரத்தை இறக்கி வையுங்கோ. வீட்டுக் கவலை, உடம்பு நோவு, என்னிலை கோபம், எதெண்டாலும் சொல்லலாம். பாயிலை சொன்னது பாயோடை."

முதல் சனிக்கிழமை தேநீர் உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. முறை சுற்றி வந்து நரம்பு கிழிக்கிற அக்கா ஒருவரிடம் நின்றது. மெலிந்த மனுஷி, புருஷன் இல்லாதவர், அதிகம் கதைக்கமாட்டார். அவர் பனங்கட்டியை ஒரு கடி கடித்துவிட்டு, "எனக்கென்ன ஐயா, ஒரு குறையும் இல்லை" என்றார். அடுத்த சனியும் அதுதான், அதற்கடுத்த சனியும் அதுதான். நாங்கள் அவரைக் குறையில்லா அக்கா என்று பகிடி பண்ணினோம். "ஓம், எனக்குக் குறையில்லை, உங்களுக்கு என்ன" என்பார். எங்களுக்கு வாய் இருந்தது, அவருக்கு மூளை இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

மெல்ல மெல்ல மற்றவர்கள் வாய் திறந்தார்கள். பின்வரிசைக்காரர் ஒருவர் இரவில் தனக்கு நித்திரை வருவதில்லை என்றார். இன்னொருவர் தூசியால் இருமல் நெஞ்சைப் பிய்க்கிறது என்றார். முன்வரிசையில் வயதான ஒருவர் அந்திப்பட்டால் கண் மங்குகிறது என்று சொல்லிவிட்டு அழுதார். முதலாளி எல்லாவற்றையும் தலையைச் சரித்துக் கேட்டார். அடுத்த கிழமை இருமல்காரருக்குப் பரியாரியாரிடமிருந்து மருந்துச் சரக்கு வாங்கி வந்து கொடுத்தார். பொய் சொல்லக்கூடாது, எங்களுக்கு மனம் இலேசாகியது. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்று நினைத்தோம். சனிக்கிழமை எப்போது வரும் என்று நான்கூடப் பார்த்திருக்கத் தொடங்கினேன்.

எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. பாய் வருவதற்கு வெகுமுன்பே என் வலக்கைப் பெருவிரல் மரக்கத் தொடங்கியிருந்தது. சுருட்டுக்காரனுக்குப் பெருவிரல் என்றால் கண் மாதிரி. உள்ளே வைத்த இலை எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அந்த விரல்தான் சொல்லும். என்னுடைய விரல் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டது. நான் சுட்டுவிரலின் பக்கவாட்டால் தடவிப் பார்த்துச் சமாளித்து வந்தேன். என் சுருட்டில் ஒருவரும் ஒரு பழுதும் கண்டதில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் முன்வரிசை போய்விடும், முன்வரிசை போனால் நான் போய்விடுவேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே கோயிலுக்கு நேர்த்தி வைப்பாள், மறுநாள் கிணற்றடியில் நாலு பேரிடம் வைத்தியம் கேட்பாள், பொழுதுபடுவதற்குள் சுன்னாகம் சந்தைக்குக் கதை போய்விடும். அவளுடைய மனம் அப்படி, அன்பு கூடினால் வாய் பொறுக்காது.

அண்ணை மட்டும் பக்கத்தில் இருப்பதால் நான் சுட்டுவிரலால் தடவுவதைக் கண்டிருக்கிறார்.

"தம்பி, உன்ரை கையிலை என்னவோ இருக்கு. பாயிலை சொல்லன். ஆள் நல்லவர். மனசிலை வைச்சு வைச்சு ஏன் உருகிறாய்?"

அவர் சொன்னதற்காகத்தான் சொன்னேன். மற்றவர் யார் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். அந்தக் குரல் அத்தனை வருஷம் எனக்கு வாசித்த குரல், அது பொய் வாசிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சனிக்கிழமை என் முறை வந்தபோது பெருவிரலை நீட்டிக் காட்டினேன். முதலாளி என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து விரலை அமுக்கினார்.

"நோகுதோ?"

"இல்லை ஐயா. நோகாததுதான் பயம்."

அவருடைய கண் கலங்கியது. "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்" என்றார். திங்கட்கிழமை ஒரு போத்தல் எண்ணெய் வந்தது. நான் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன். மனைவி, "என்ன, இண்டைக்கு நல்ல சந்தோசம்?" என்று கேட்டாள். "சும்மா" என்றேன்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் தெற்கே பீடி பரவத் தொடங்கியது. நாங்கள் ரயிலில் ஏற்றிய பெட்டிகளில் சில உடைக்காமலே சுன்னாகத்துக்குத் திரும்பி வந்தன. எங்களுக்கு அதில் பெரிய பதற்றம் இல்லை. இலை குறைந்தால் பங்குபோடுவது, அரைவயிறு குடிப்பது, எங்களுக்குப் பழகிய காரியம். அந்தச் சனிக்கிழமை பாயில் இருந்தபோது பங்கைப் பற்றித்தான் முதலாளி சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேநீர் குடித்து முடியுமட்டும் பொறுத்திருந்துவிட்டு அவர் தொடங்கினார்.

"உங்கடை நோவெல்லாத்தையும் நான் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கேலாது. மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கெல்லே. அதாலை சில பேருக்கு ஓய்வு குடுக்கப் போறன்."

நித்திரை வராதவருக்கு ஓய்வு. இருமல்காரருக்கு ஓய்வு. கண் மங்கியவருக்கு ஓய்வு. வாய் திறந்த ஒவ்வொருவரையும் அன்பாகப் பார்த்து அன்பாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக என் பக்கம் திரும்பினார்.

"உமக்கும்தான். அந்தக் கையை வைச்சுக்கொண்டு நீர் படுற பாட்டை என்னாலை பாக்கேலாது."

 நான் கேட்டேன்.

"ஐயா, பெரியவர் காலத்திலை வேலை குறைஞ்சால் இலையைப் பங்குபோடுறது வழக்கம். என்ரை சுருட்டிலை ஒரு குறை ஆரும் சொல்லேல்லை."

"சுருட்டிலை குறை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் விரல் மரத்துப்போச்செண்டு நீர்தானே சொன்னனீர். வருத்தக்காரனை வேலை வாங்கினால் அது எனக்குப் பாவமெல்லே."

"பாயிலை சொன்னது பாயோடை எண்டு சொன்னனீங்கள்."

"நானும் பாயிலை இருந்துதானே சொல்லுறன்" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் பத்திரிகையை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். குறையில்லா அக்கா பனங்கட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையைச் சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். அந்த ஓநாய் ஆட்டின் கையை மடியில் எடுத்து வைத்து, கண் கலங்கி, எண்ணெயும் வாங்கிக் கொடுத்தால் ஆடு என்ன செய்யும்? பழைய முதலாளி என்னை நாயே பேயே என்று ஏசிய ஏச்செல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சிரிப்பு சுட்ட மாதிரிச் சுட்டதில்லை.

ஆனாலும் நான் முற்றாக உடைந்துபோகவில்லை. ஒரு நம்பிக்கை இருந்தது. புத்தூர்ப் பக்கத்தில் ஒரு கொட்டில் முதலாளி முன்பு இரண்டு தடவை என்னைத் தன்னிடம் வரும்படி கேட்டவர். அங்கே போனால் முன்வரிசை தருவார். விரலைச் சுட்டுவிரலால் சமாளித்ததுபோல அங்கேயும் சமாளிப்பேன். வீட்டில், வேலை குறைந்துவிட்டது, நான் புத்தூருக்குப் போகப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இதற்கிடையில் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பாராட்டு வைக்கப்போவதாக முதலாளி சொல்லியனுப்பினார். குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். எனக்குப் போக மனமில்லை. "மரியாதை செய்ய நிக்கிறவையளை மதிக்காமல் விடுறதோ? பெட்டியிலை கிடக்கிற சீலையை நான் எப்ப உடுக்கிறது?" என்று மனைவி நின்றுவிட்டாள்.

கொட்டில் வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பக்கத்து ஊர்களின் கொட்டில் முதலாளிமார் முன்னால் கதிரைகளில் இருந்தார்கள். புத்தூர்க்காரரும் இருந்தார், என்னைக் கண்டு தலையை அசைத்தார். எனக்கு உயிர் வந்தது. எங்களுக்கு மாலை போட்டு ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள். பெண்கள் சுவரோரம், நரம்பு கிழிக்கிற இடத்தில், பாயில் இருந்தார்கள். பிறகு அண்ணை எழுந்து வாழ்த்துப்பா வாசித்தார். எங்கள் ஊரில் வாழ்த்துப்பா இல்லாமல் ஒரு மனிதனை வரவேற்கவும் முடியாது, வழியனுப்பவும் முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டு, அவரே கட்டியது.

இருமி இருமி உழைத்த இரும்பு நெஞ்சன் என்று ஒருவருக்கு வந்தது. கண்ணொளி மங்கியும் கடமையொளி மங்காதவன் என்று இன்னொருவருக்கு.  என் முறை வந்தது. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, அழுகைக் கட்டங்களுக்கு வைத்திருந்த அந்தக் குரலில் வாசித்தார்:

"பெருவிரல் மரத்த பின்னும்
பெருமனம் மரத்தி டாமல்
ஒருவிரல் குறையைச் சொல்லா
துழைத்தநல் லண்ணல் வாழ்க."

சபை "ஆகா" என்றது. கைதட்டினார்கள். புத்தூர்க்காரர் பக்கத்துக் கதிரைக்காரரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். இருவருமாக என் கையைப் பார்த்தார்கள். நான் கையை மாலைக்குள் ஒளித்தேன். பிறகுதான் சுவரோரம் பார்த்தேன். என் மனைவி கைதட்டவில்லை. பக்கத்திலிருந்த பெண் அவளிடம் ஏதோ கேட்க, அவள் தலையை ஆட்டி, தெரியாது என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

 வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது கேட்டாள்:

"அந்தப் பாட்டிலை வந்தது உண்மையோ?"

"ஓம்."

"எத்தினை பேருக்குத் தெரியும்?"

 அவள் உள்ளே போய்ப் புதுச்சீலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் புத்தூருக்கு நடந்தேன். அந்த முதலாளி என்னை மரியாதையாக இருத்தி, மோர் தந்தார். "நல்ல வாழ்த்துப்பா, உமக்கு வாய்ச்சது" என்றார். பிறகு சுருட்டுக்கு மேலே சுற்றுகிற இலை ஒன்றைத் தந்து, "பெருவிரலாலை தடவிப் பாத்துச் சொல்லும், எங்கை பழுது எண்டு" என்றார். நான் அந்த இலையை அவர் மேசையில் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். கோண்டாவில், கொக்குவில் என்று மற்ற இடங்களுக்கும் போனேன். எல்லாரும் அந்தப் பாட்டைக் கேட்டிருந்தார்கள்.

அண்ணையை ஒருநாள் ஒழுங்கையில் மறித்தேன். அவர் பத்திரிகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏன் அண்ணை அப்பிடிப் பாடினனீங்கள்?"

"நல்லாய்த்தானே பாடினன், தம்பி. சபை எப்பிடிக் கைதட்டினது, நீ பாக்கேல்லையே."

"என்ரை விரலை ஏன் பாட்டிலை வைச்சனீங்கள்? எத்தினையோ வருசம் பக்கத்திலை இருந்தனான். வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

அவர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"முதலாளிதான் அந்த அடியை வைக்கச் சொன்னவர். ஓய்வெண்டு அனுப்பின ஆள் அடுத்த கொட்டிலிலை போய் இருந்து சுற்றினால் தன்னை ஆக்கள் என்னெண்டு நினைப்பினம் எண்டவர்."

"மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்லுறது? முந்தி உங்கடை கையாலை சாப்பிட்டன், நீங்கள் விடச் சொன்னதை விட்டன். இப்ப அவரின்ரை கை." இதைச் சொல்லிவிட்டு, "நேரம் போயிட்டுது தம்பி, பேப்பர் வாசிக்க என்னைப் பாத்துக்கொண்டிருப்பினம்" என்று நடந்தார்.

எனக்கு முதலாளியில் வந்த கோபம் வேறு, இது வேறு. முதலாளி எப்போதும் முதலாளிதான், பாயில் இருந்தாலும் அவருக்குக் கதிரை ஒன்று வெளியே காத்திருந்தது. ஆனால் இவருக்கு நான் என் கையால் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். விரல் மரத்த பிறகும், சுட்டுவிரலால் தடவித் தடவி, அவர் சம்பளக்காரராக மாறிய நாள்மட்டும் கொடுத்திருக்கிறேன். இப்போது எழுதும்போதும் நெஞ்சு கொதிக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை.

பிறகு நான் சுன்னாகத்துத் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் கிண்டினேன், வெங்காயத் தாளைக் கத்தியால் அறுத்தேன். மனைவி என்னோடு கதைக்காமல் இருந்தது கொஞ்ச நாள்தான். பிறகு சோறு போட்டாள், கதைத்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் அந்த விரலைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தோட்டத்திலிருந்து வந்தேன். முற்றத்து மாமரத்தின் கீழ் அவள் பாய் விரித்திருந்தாள். இரண்டு மூக்குப்பேணியில் தேநீர். சிரட்டையில் பனங்கட்டி. கொட்டிலில் நடந்ததை யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், குறையில்லா அக்காவாக இருக்கலாம்.

"இஞ்சை வந்து இருங்கோ" என்றாள். நான் இருந்தேன். அவளும் எதிரில் இருந்தாள். என்ன சொல்வது என்று நெடுநேரம் யோசித்து வைத்திருந்தவள்போல, நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"எனக்கு வாய் நிக்காது எண்டு பயந்துதானே சொல்லேல்லை. அது எனக்குத் தெரியும். இனி நான் ஒருத்தருக்கும் சொல்லன், கோயிலிலைகூடச் சொல்லன். பாயிலை சொன்னது பாயோடை. சொல்லுங்கோ, கை என்ன செய்யுது?"

அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் என் முதுகு விறைத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன், அங்கே ஒரு கள்ளமும் இல்லை. எனக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்போல இருந்தது. விரலைச் சொல்ல வேண்டும், புத்தூர் இலையைச் சொல்ல வேண்டும், அண்ணையைச் சொல்லி அழ வேண்டும். வாயைத் திறந்தேன்.

"எனக்கென்ன, ஒரு குறையும் இல்லை" என்றேன்.

 பேணியை எடுக்கக் குனிந்தவள் பாயைப் பார்த்தாள். நான் கையூன்றியிருந்த இடத்தில் இரத்தம். தாள் அறுக்கும்போது கத்தி பெருவிரலில் ஏறியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் தன் சீலைத் தலைப்பைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினாள். அதன்பின் எங்கள் வீட்டில் சனிக்கிழமை பாய் விரிக்கவில்லை.